ஏழாவது மெழுகுப் பல்

சுட்ட மாவுக்கட்டியை உடைத்து, மணலடித்துப் பல்லை வெளியே எடுத்தபோது தனப்பிரியாவுக்குள் இந்தத் தடவையாவது பொருந்திவிடும் என்று ஒரு சின்ன ஆசை இருக்கத்தான் செய்தது. அதை அவள் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. பல் அழகாகத்தான் வந்திருந்தது. மேல்வரிசையின் நடுப்பல், வலது பக்கத்தது. வெளிச்சத்தில் பிடித்தால் தேங்காய்ப் பத்தையின் ஓரம் போல லேசாக ஒளியை உள்ளே விட்டது. தண்டை அறுத்து, தேய்த்து, பிளாஸ்டர் அச்சின் மேல் வைத்து விரலால் அழுத்தினாள். முக்கால் தூரம் இறங்கியது. அப்புறம் நின்றுகொண்டது.

இன்னும் அழுத்தினாள். நின்றது நின்றதுதான்.

"ஒக்காந்துச்சா?" என்று உள்ளறையிலிருந்து மோகன்குமார் குரல் கொடுத்தான்.

"இல்லீங்க."

"இது எத்தனாவது?"

"உங்களுக்குத் தெரியாதாக்கும்?"

அவனுக்குத் தெரியும். ஐந்தாவது. கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டான். அவள் எரிந்துவிழ வேண்டும் என்பதற்காக எரிந்துவிழுந்தாள். பதினோரு வருடமாக ஒரே கூரைக்குக் கீழ் வேலை செய்கிற புருஷன் பெண்டாட்டிக்குள் இதெல்லாம் சகஜம்.

கூரை என்பது தகரக் கூரை. நாமக்கல் பரமத்தி ரோட்டில் லாரி ஸ்பேர் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அவர்களுடைய பல் லேப். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர்கள் கேப் செய்து கொடுப்பார்கள். மோகன்குமார் உலோகத்தில் உள்கூடு வார்ப்பான். தனப்பிரியா அதன்மேல் பீங்கான் மாவைத் தூரிகையால் ஏற்றி, பல்லாக்கிச் சுடுவாள். சுற்றுவட்டாரத்தில் அவளுடைய கைக்கு ஒரு பெயர் உண்டு. சேந்தமங்கலத்திலிருந்து வரும் டாக்டர்கூட, "அந்தம்மா போட்ட கேப்புன்னா வாயிக்குள்ள கண்டுபுடிக்க முடியாதுங்க" என்பார்.

ஆனால் உள்ளே உலோகம் இருந்தால் ஈறோரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் விழும். எவ்வளவு நல்ல கையாலும் அதை முழுக்க மறைக்க முடியாது. அதற்குத்தான் இப்போது பிரஸ் கேப் வந்திருக்கிறது. பல்லை முழுக்க மெழுகில் செதுக்க வேண்டும். மெழுகுத் தண்டு ஒன்றில் பொருத்தி வளையத்துக்குள் நிறுத்தி, இன்வெஸ்ட்மென்ட் என்கிற மாவைக் கரைத்து ஊற்றி இறுக விட வேண்டும். பிறகு உலையில் வைத்தால் மெழுகு எரிந்து போய்விடும். பல்லின் வடிவத்தில் ஒரு வெற்றிடம் மட்டும் மாவுக்குள் நிற்கும். அந்த வெற்றிடத்துக்குள் செராமிக் கட்டியை இளக்கி, தண்டு இருந்த வழியாக இயந்திரம் அழுத்தி நிரப்பும். உலோகமே கிடையாது.

அவளுக்கு இதில் பிடித்ததும் அதுதான். இத்தனை வருடம் அவள் செய்த ஒவ்வொரு பல்லுக்குள்ளும் மோகன்குமாரின் கூடு இருந்தது. அவள் அதைப் போர்த்திக்கொண்டிருந்தாள். அதை ஒரு குறையாக அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் குறை மாதிரிகூடத் தெரியாது. ஆனாலும் உள்ளேயிருந்து வெளிவரை தன்னுடையதாக ஒரு பல்லைச் செய்துவிட வேண்டும் என்று, மனசின் எந்த மூலையிலிருந்தோ ஒரு வீம்பு. பிரஸ் மிஷின் வாங்கலாம் என்று நான்கு மாதம் நச்சரித்தவள் அவள். மூன்று நாள் பயிற்சிக்குச் சென்னைக்குப் போய் வந்தவளும் அவள்தான். அங்கே அவள் செய்த இரண்டு பல்லும் முதல் தடவையிலேயே கச்சிதமாக உட்கார்ந்தன. சொல்லிக் கொடுத்தவர், "உங்களுக்கு நான் என்னத்தைக் கத்துக் கொடுக்கிறது?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

முதல் பல்லில் ஓரம் நிரம்பவில்லை. தண்டு மெல்லிசாகப் போய்விட்டது. அது புரிந்தது, திருத்திக்கொண்டாள். இரண்டாவது இறுகலாக வந்தது. மூன்றாவது தொளதொள என்று ஆடியது. நான்காவது மறுபடி இறுகல். உட்புறத்தைத் தேய்த்துத் தேய்த்து இறக்கப் பார்த்ததில் கழுத்தோரம் கீறல் விட்டுவிட்டது. இப்போது ஐந்தாவது. ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஒரு மெழுகுப் பல். அதே மேடு, அதே பள்ளம், ஓரத்தில் அதே சின்ன வளைவு. செதுக்கி முடித்து, பார்த்துப் பார்த்து மகிழ்ந்து, பிறகு உலையில் போட்டு எரிக்க வேண்டும். பீங்கான் மாவு பிசகினால் திருத்தலாம், தூரிகை பிசகினால் துடைக்கலாம். இதில் திருத்துவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. அவள் கை செய்தது எரிந்துபோன பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது.

அன்று சாயங்காலம் டாக்டர் மெஹ்ரீன் போன் செய்தாள். துறையூர் ரோட்டில் கிளினிக் வைத்திருப்பவள், சேலத்துக்காரி. பிரஸ் வேலையை முதலில் நம்பிக் கொடுத்தவளும் அவள்தான்.

"தனப்பிரியா, என்ன ஆச்சு?"

"இன்னொருக்கா பண்ணணும் மேடம்."

"போன வாரமும் இதைத்தானே சொன்னீங்க? பேஷன்ட் யாருன்னு தெரியுமில்ல? ராசாத்தியம்மா. ஹாஸ்டல் வார்டன். திங்கட்கிழமை ஸ்கூல் திறக்குது. முன்னூறு பொண்ணுங்களை அவங்க சத்தம் போட்டே மேய்க்கணும். டெம்ப்ரவரி பல்லு எப்போ விழும்னு வாயைப் பொத்திக்கிட்டுப் பேசுறாங்க."

"சனிக்கிழமை குடுத்தர்றேன் மேடம்."

"சனிக்கிழமை வரைக்கும்தான். உங்க கை எனக்குப் பிடிக்கும், அதுக்காக எத்தனை தடவை பேஷன்டைத் திருப்பி அனுப்புறது? அன்னைக்கும் உட்காரலைன்னா இதையும், இனிமே வர்ற பிரஸ் கேஸ் எல்லாத்தையும் பழையபடி சேலம் லேப்புக்கே அனுப்பிடுறேன். நீங்க மெட்டல் வேலை மட்டும் பண்ணுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை என்பதுதான் தப்பாக இருந்தது. போனை வைத்ததும் நோட்டை எடுத்தாள். பயிற்சியிலிருந்து வந்த நாளாக எல்லாவற்றையும் எழுதி வைக்கிறாள்: எத்தனை கிராம் மாவு, மாவில் கலக்கும் திரவம் எத்தனை மில்லி, அதில் தண்ணீர் எத்தனை, எத்தனை நிமிடம் கலக்கியது, உலையில் எத்தனை டிகிரி. திரவத்தைக் கூட்டினால் மாவு இறுகும்போது கொஞ்சம் விரிந்து கொடுக்கும், பல் தளர்வாக வரும்; குறைத்தால் இறுகும். இறுகலாக வந்தால் அடுத்த தடவை திரவத்தைக் கூட்டினாள். தளர்வாக வந்தால் குறைத்தாள். கணக்கு சரிதான். வந்த பல் எதுவும் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. திரவத்தைக் கூட்டிய ஐந்தாவது தளர்வாக வந்திருக்க வேண்டும்; இல்லை. சொன்ன பேச்சு கேட்காத பிள்ளையைக்கூட ஏன் கேட்கவில்லை என்று பிடித்து உலுக்கலாம்.

"நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றான் மோகன்குமார், வாசலில் நின்றபடி.

"வேண்டாங்க."

"கையி உனக்கு நெம்ப நல்ல கையி புள்ள. மிசினுதான் நமக்கு ஒத்து வரலை."

"வேண்டாங்கறேன்ல."

அவன் போய்விட்டான். அவன் கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. அவனுடைய சமாதானம் ஈரத்துணி மாதிரி மேலே வந்து விழுந்துகொண்டே இருந்தது.

வியாழக்கிழமை பொழுது விடிவதற்குள் லேப்பைத் திறந்துவிட்டாள். ஆறாவது மெழுகுப் பல்லை முந்தைய நாளே செதுக்கி வைத்திருந்தாள். ஐந்தாவது இறுகலாக வந்ததால் திரவத்தை நன்றாகவே கூட்டினாள். பத்தரை மணிக்கெல்லாம் பல் கையில் இருந்தது. அச்சின் மேல் வைத்தாள். அழுத்தவே தேவையில்லாமல் சர்ரென்று இறங்கி, கிணற்று வாளி மாதிரி இப்படியும் அப்படியும் ஆடியது.

அவள் அழவில்லை. புதிய அச்சு ஒன்று எடுக்கலாம் என்று மோகன்குமாரின் மேஜை இழுப்பறையைத் திறந்தாள்.

பஞ்சுக்குள் ஒரு உலோகக் கூடு இருந்தது. வலது நடுப்பல்லுக்கானது. எடுத்து அச்சில் வைத்துப் பார்க்கக்கூட வேண்டியதில்லை, வைத்தாள். முடி நுழையாமல் உட்கார்ந்தது.

"இது யாருக்கு?"

மோகன்குமார் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். "சும்மா ஒண்ணு வார்த்து வெச்சேன்."

"சும்மான்னா?"

"ஒரு பேக்கப்புக்குத்தான் பிரியா. சனிக்கெழம வந்துருச்சுன்னா அந்தம்மாவை வெறும் வாயோடயா அனுப்பறது? இதுக்கு மேல நீ மாவு ஏத்துனீன்னா ஒரு நாள் வேலை."

"எப்ப வார்த்தீங்க?"

அவன் கையிலிருந்த வேலையை மறுபடி தேய்க்கத் தொடங்கினான்.

"கேக்கறேன்ல. எப்ப?"

"திங்கக்கெழம."

திங்கட்கிழமை அவள் மூன்றாவது பல்லைச் செய்துகொண்டிருந்தாள். காலையில் எடுத்த மூன்றாவது. அப்போதே, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், இவள் தோற்றுப்போவாள் என்று இவன் உருக்கி ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறான். அதுவும் கெட்ட எண்ணத்தில் இல்லை. மழை வரும் என்று குடையை எடுத்து வைக்கிற மாதிரி.

"நான் தோக்கறதுக்கு நீங்க திங்கக்கெழமையே ரெடியா இருந்துட்டீங்க."

"அப்படியில்ல சாமி..."

"சாமியும் வேண்டாம் பூதமும் வேண்டாம். ஸ்கூட்டி சாவி எங்க?"

"இந்த வெயில்ல எங்க போறே?"

கோபித்துக்கொண்டு போக ஒரு பெண்ணுக்கு எத்தனை இடம் இருக்கிறது என்று வண்டியை எடுத்த பிறகுதான் யோசித்தாள். அம்மா வீட்டுக்குப் போனால் இது ஒரு பல்லோடு நிற்காது. என்ன ஏது என்று நாலு பேர் உட்கார்ந்து பேசுவார்கள். கடைசியில் வண்டி சேந்தமங்கலம் ரோட்டில் நாத்தனார் தமிழினி வேலை பார்க்கும் குஞ்சு பொரிப்பகத்தின் முன்னால் போய் நின்றது. புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு புருஷனின் தங்கையிடமே போய் நிற்கிறோமே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. கத்திரி வெயில் தார் ரோட்டில் நெளிந்துகொண்டிருந்தது. தூரத்தில் கொல்லிமலை தண்ணீரில் கரைத்த மாதிரி கிடந்தது.

தமிழினி முகத்தைப் பார்த்ததுமே, "என்ன நங்கை, எங்கண்ணன் என்ன பண்ணுனான்?" என்றாள்.

"ஒண்ணும் பண்ணலை. அதுதான்."

"அதுதான் அவனோட வியாதியே. வாங்க உள்ள. ஊட்டுல கோழி கீழி வளக்கலையே? வளத்தா உள்ள உடமாட்டோம், நங்கையா இருந்தாலுஞ்செரி."

"உங்கண்ணன் ஒருத்தரை வளக்கறதே பெருசு."

தமிழினி சிரித்துக்கொண்டே அவளுக்கு வேறு செருப்பும் மேலங்கியும் கொடுத்தாள். மருந்துத் தண்ணீரில் காலை நனைக்கச் சொல்லி, முட்டை அறைக்குள் கூட்டிப்போனாள். அடை வைக்கும் வரைக்கும் முட்டைகளை வைத்திருக்கிற அறை. கூரை வரைக்கும் தட்டுத் தட்டாக வெள்ளை. கதவு சாத்திக்கொண்டதும் வெயில் எங்கோ போய்விட்டது. இரண்டு நிமிடத்தில் தனப்பிரியாவின் கையில் மயிர் சிலிர்த்தது. துப்பட்டாவை இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள்.

சுவரில் ஒரு அட்டை தொங்கியது. தமிழினி பேசிக்கொண்டே பேனாவை எடுத்து அதில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மணி, அறையின் சூடு, ஈரம், கையெழுத்து. நாலு கட்டம். பகலும் இரவுமாக அட்டை நிரம்பியிருந்தது. பதினெட்டு. பதினெட்டு. பதினெட்டரை. பதினெட்டு.

"மணிக்கு மணியா எழுதுவீங்க? எதுக்கு?"

"எழுதலைன்னா, நாளைக்குக் குஞ்சு பொரியலைன்னு சண்டை வாரப்ப யாரைத் திட்டறது? இதுல சூடு எச்சா இருந்தா ஏசிக்காரனைத் திட்டலாம். சரியா இருந்துச்சுன்னா சேவலைத் திட்டலாம்."

தனப்பிரியா சிரித்தாள். சிரித்துக்கொண்டே துப்பட்டாவை இன்னும் இறுக்கினாள். அப்படி இறுக்கும்போது, இதே துப்பட்டாவை இதே மாதிரி கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு எங்கேயோ மாவு கலக்கிய ஞாபகம் வந்தது. சென்னையில். பயிற்சி அறையில். பக்கத்து மேஜைப் பெண், "ஊட்டிக்கா வந்திருக்கீங்க?" என்று கேலி செய்தாள். அந்த அறை இப்படித்தான் இருந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது.

லேப்பில் தகரக் கூரை. மதியம் மூன்று மணிக்கு மாவு டப்பாவைத் தொட்டால் கை சுடும். இரண்டாவது பல்லுக்கு எப்போது கலந்தாள்? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. இறுகல். மூன்றாவது? விடிகாலை. தளர்வு. நான்கு, ஐந்து? மதியம், மதியம். ஆறாவது இன்று விடிகாலை. மதிய வெயிலில் மாவு ஊற்றி முடிப்பதற்குள் இறுகுவதை அவள் பார்த்திருக்கிறாள். நல்ல மாவு, சீக்கிரம் பிடிக்கிறது என்றுதான் நினைத்தாள். விரிய வேண்டியது விரியாமலே இறுகியிருக்கிறது. அதற்கு அவள் திரவத்தைக் கூட்டி, கூட்டியதைக் கொண்டுபோய் மறுநாள் விடிகாலைக் குளிரில் கலந்திருக்கிறாள். நேற்றைய வெயிலுக்கு இன்று மருந்து போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நோட்டில் கிராம் இருந்தது, மில்லி இருந்தது, நிமிடம் இருந்தது. எந்த நேரம், எவ்வளவு வெயில் என்று ஒரு கட்டம் இல்லை.

"நங்கை, என்னாச்சு? குளுருதா?"

"தமிழு, உங்ககிட்ட தடுப்பூசி மருந்து வருமே, அந்த தெர்மாக்கோல் பொட்டி ஒண்ணு கெடைக்குமா? ஐஸ் பையோட."

"நூறு கெடக்குது. எதுக்கு, எங்கண்ணனை உள்ள வெச்சு மூடறதுக்கா?"

லேப்புக்குத் திரும்பியதும் முதல் வேலையாக மாவு அட்டைப்பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சேலத்து டீலர் ஒட்டியிருந்த பெரிய மஞ்சள் ஸ்டிக்கரை நகத்தால் உரித்தாள். அடியில், எறும்பு எழுத்தில் இருந்தது: மாவும் திரவமும் இருபது டிகிரியில் இருக்க வேண்டும். அவள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பெட்டியைச் சுவரில் வீசி எறிய வேண்டும்போலத்தான் இருந்தது. ஆறு பல். ஆறு தடவை தன் கையை, தன் புத்தியை, கடைசியில் தன்னையே சந்தேகப்பட்டது எல்லாம் ஒரு மஞ்சள் ஸ்டிக்கருக்கு அடியில் கிடந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை மோகன்குமார் வந்து பக்கத்தில் நின்றான். தெர்மாக்கோல் பெட்டிக்குள் மாவுப் பாக்கெட், திரவ பாட்டில், கலக்கும் கிண்ணம் மூன்றும் இருந்தன. நடுவில் தமிழினி கொடுத்தனுப்பிய வெப்பமானி.

"எத்தனை காட்டுது?" என்றாள்.

"பதினொண்ணு."

"நெம்பக் குளுந்து போச்சு. ஒரு ஐஸ் பையை எடுங்க."

அரை மணி கழித்து, "பதினாறு" என்றான். இன்னும் கொஞ்ச நேரம் போனது. லாரி ஸ்பேர் கடையில் யாரோ சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். தகரக் கூரை பட்பட்டென்று வெடித்தது.

"இருவது."

திரவத்தை அவள் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சென்னையில் எழுதிக்கொண்ட அதே அளவு. கலக்கி ஊற்றியபோது மாவு நிதானமாக, மோர் மாதிரி மெழுகுப் பல்லைச் சுற்றி ஏறியது. அவசரப்படுத்தவில்லை. நோட்டில் புதிதாக ஒரு கோடு கிழித்து மணியையும் சூட்டையும் எழுதினாள். மோகன்குமார் அதைப் பார்த்தான். உலோகக் கூடு அவன் மேஜையில், பஞ்சின் மேல், எல்லோரும் பார்க்கிற மாதிரி இருந்தது. இழுப்பறைக்குள் திருப்பி வைக்க அவனுக்குத் துணிச்சல் இல்லை போலும்.

சாயங்காலம் ஏழாவது பல்லை அச்சில் வைத்து அழுத்தினாள். இறங்கியது. ஓரத்தில் நகத்தால் தடவினாள். அச்சு எங்கே முடிகிறது, பல் எங்கே ஆரம்பிக்கிறது என்று நகத்துக்குத் தெரியவில்லை.

"ஒக்காந்துச்சா?" என்று அவன் கேட்கவில்லை. கிட்டே வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தான். பிறகு, "நாளைக்கு அதையும் எடுத்துட்டுப் போயேன். எதுக்கும்" என்றான்.

அவள் அவனைப் பார்த்த பார்வையில், அவன் தானாகவே போய் விளக்கை அணைத்தான்.

சனிக்கிழமை கிளினிக்கில் ராசாத்தி வாயைக் கையால் மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தூக்கிச் செருகிய கொண்டை, பெரிய குங்குமம். "ஏனுங்கம்மிணி, நீங்கதான் பல்லு செய்யறவீங்களா? மூணு வாரமா என்னைய ஊமையாக்கிப் போட்டீங்களே!"

மெஹ்ரீன் கையுறையை மாட்டிக்கொண்டாள். டெம்ப்ரவரி பல்லைக் கழற்றினாள். தனப்பிரியாவின் பல்லை எடுத்து வைத்து, அழுத்தினாள். கொக்கிக் கம்பியால் ஓரத்தைச் சுற்றிலும் தடவினாள். நூலை இரண்டு பக்கமும் விட்டு எடுத்தாள். தனப்பிரியா அவள் முகத்தைப் பார்க்காமல் கம்பியின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எங்கேயும் தட்டவில்லை.

"ஃபிட் பிரமாதம்" என்றாள் மெஹ்ரீன். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி, ஜன்னல் வெளிச்சத்தில் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "ஆனா கலர்..."

தனப்பிரியாவுக்கும் தெரிந்தது. வாய்க்குள் வந்த பிறகுதான் தெரிந்தது. பக்கத்துப் பற்களைவிட இது ஒரு சாயல் வெள்ளை கூட. இத்தனை நாளாக உட்காருமா உட்காராதா என்றே பார்த்துக்கொண்டிருந்ததில், செராமிக் கட்டியின் நிறத்தை ராசாத்தியின் பல்லோடு கடைசியாக எப்போது ஒப்பிட்டாள் என்று நினைவில்லை. இந்த வட்டாரத்திலேயே நிறத்துக்குப் பேர் போன கை.

"மேல பூச்சு குடுத்து எறக்க முடியாதா?" என்றாள் மெஹ்ரீன்.

"முடியாதுங்க மேடம். கட்டியே வேற எடுக்கணும். மெழுகுலேருந்து."

ராசாத்தி கண்ணாடியை வாங்கி, இளித்துப் பார்த்தாள். உதட்டை மூடினாள், திறந்தாள். பிறகு யாரும் எதிர்பார்க்காமல் வாசலைப் பார்த்து, "ஏய்! அங்க என்ன சத்தம்?" என்று ஒரு அதட்டல் போட்டாள். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் கப்சிப் ஆனார்கள். கம்பவுண்டர் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

"கெட்டியாத்தான் நிக்குது" என்றாள் ராசாத்தி. "வெள்ளையா இருந்தா இருந்துட்டுப் போகுது. தொறந்த மொத நாளு புள்ளைக பயப்படட்டும்."

மெஹ்ரீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தற்காலிகமா ஒட்டி விடுறேன். வர்ற சனிக்கிழமை கழட்டிட்டு சரியான கலர்ல வைக்கலாம்." தனப்பிரியாவின் பக்கம் திரும்பினாள். "இன்னொரு தடவை செஞ்சுருங்க. அடுத்த வாரம் இன்னும் ரெண்டு பிரஸ் கேஸ் இருக்கு, அதுக்கும் அளவு எடுத்து வெச்சிருக்கேன். அதுல சேலம் லேப்புன்னு எழுதினதை அடிச்சுடுறேன்."

இன்னொரு தடவை. மூன்று வாரமாக அந்த இரண்டு சொல்லையும் அவள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். இப்போதும் அது இனிக்கவில்லை. எட்டாவது மெழுகுப் பல். அதே மேடு, அதே பள்ளம், ஓரத்தில் அதே சின்ன வளைவு, மறுபடி நெருப்பு. ஆனால் எதற்காகத் திரும்பச் செய்ய வேண்டும் என்று இந்தத் தடவை அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் ராசாத்தியின் பக்கத்துப் பல்லுக்கு நேராக நிற மாதிரிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டாள். கூடவே மணியையும் எழுதினாள். வெளிச்சமும் மணிக்கு மணி மாறும்.

படியிறங்கும்போது மோகன்குமாருக்குப் போன் போட்டாள்.

"ஒக்காந்துச்சு" என்றாள், அவன் கேட்பதற்கு முன்னால்.

அந்தப் பக்கம் அவன் மூச்சு விட்டது கேட்டது. "அப்பறம் ஏன் குரலு இப்படி இருக்குது?"

"கலரு தப்பு. இன்னொருக்கா பண்ணணும். ஐஸ் பையெல்லாம் ஃபிரிட்ஜுக்குள்ள வெச்சுப்போடுங்க."

"செரி." கொஞ்சம் தயங்கினான். "அந்த மெட்டலை என்ன பண்றது?"

வெயில் கிளினிக் வாசலில் வெள்ளையாக நின்றது. அவள் துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"அது உங்க வேலை, உங்க இஷ்டம்" என்றாள். "என் மேஜையில மட்டும் வெக்காதீங்க."